தயிர் வாங்க இரண்டு பேர்

எங்கள் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது என் மாமனாரின் அண்ணனை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் அப்பாவும், ராஜபாளையத்தில் எங்களோடு இருந்த மாமனாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சண்டையை மட்டும் நிறுத்தவில்லை. அதை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள்.

மாமா இல்லாத நேரம் பார்த்து அப்பா பால்கோவாவோடு வருவார். "ஒன்னைய இங்க ஒரு மனுசியா மதிக்காவளா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அதுவரை நான் நன்றாகத்தான் இருந்திருப்பேன். மில்லில் ஷிப்ட் முடிந்து வரும் என் வீட்டுக்காரரை மாமா வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "அவ அப்பன் திமிருதான்ல அவளுக்கும்!" சாயங்காலம் நாங்கள் இருவரும் ஜென்மப் பகையாளிகளாகக் கத்துவோம்.

மூன்றாவது முறை நான் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனபோது, அப்பா வக்கீலையே பார்த்துவிட்டு வந்தார். கல்யாணத்தையே அத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் கூப்பிட வந்தார். அப்பா உள்ளே விடமாட்டார் என்பதால் தேரடியில் நின்று பேசினோம். டீக்கடை ரேடியோவில், ஆப்கானிஸ்தானிலிருந்து ரஷ்யப் படை திரும்பிப் போகிற செய்தி.

"துப்பாக்கியெல்லாம் பெரிய நாட்டுக்காரவிய கொடுக்காவ. சாகுறது அந்த ஊருக்காரன்," என்றவர் என்னையே பார்த்தார். "நம்ம வீட்லயும் அதான நடக்கு?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றே அவரோடு கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு முடிவு பேச வேண்டும் என்று சொல்லி அப்பாவை வரவழைத்தோம். விறைப்பாக வந்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். "ஒம் மாமனார்ட்ட சொல்லு..." என்று என்னைப் பார்த்து ஆரம்பித்தார். மாமாவும் தன் மகனைப் பார்த்து, "ஒம் மாமனார்ட்ட சொல்லுலே..." என்றார். பேச்சில்லாத சம்பந்திகள் பேசிக்கொள்ளும் முறை அதுதான். நாங்கள் இருவரும் எழுந்து, தயிர் வாங்கப் போவதாகச் சொல்லித் தெருவில் இறங்கினோம். ஒரு சொம்புத் தயிருக்கு இரண்டு பேர் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது.

"எங்க அண்ணன ஏன்யா போட்டோவுக்குக் கூப்பிடல?" இது மாமா.

"அவரு பந்தியில இருந்தாருய்யா! எலையில கைய வச்சவர எந்திரிச்சு வாங்கன்னா சொல்லச் சொல்லுதீரு?"

மாமா இறங்கிய குரலில், "அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா வே," என்றார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

அப்பா அதற்குப் பிறகு வக்கீல் பேச்சை எடுக்கவே இல்லை. சம்பந்திகள் இருவரும் சேர்ந்து வத்திராயிருப்புக்குத் தேங்காய் வாங்கப் போகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். எனக்குத்தான் உள்ளூர உதைப்பு. படை போன பிறகும் ஆப்கானிஸ்தானில் சண்டை ஓயவில்லை என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் நாங்களும் அப்படியே அடித்துக்கொண்டு கிடப்போமோ என்று பயந்தேன்.

ஒருநாள் என் வீட்டுக்காரர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். நான் கத்தினேன், அவரும் கத்தினார். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்து நிமிடத்தில் எங்களுக்கு வார்த்தை தீர்ந்துபோனது. ஒரு துண்டைப் பற்றி எவ்வளவுதான் பேச முடியும்? அவர் அதை எடுத்துக் கொடியில் போட்டார்.

கல்யாணமாகி மூன்று வருடத்தில், நாங்கள் இருவர் மட்டும் போட்ட முதல் சண்டை அதுதான்.