வத்தல் கிட்டங்கியில் டிரான்சிஸ்டர் நடத்திய கோமதி டீச்சர்

கோமதி டீச்சர் காலமான செய்தி எனக்குப் பஸ்ஸில் வந்தது. ஏழாயிரம்பண்ணையில் எங்கள் பள்ளிக்கூட வாசலில் சாத்தூர் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். டீச்சர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தை அவர் அடிக்கடி கொண்டுவந்து தருவார். அதில் ஒயரோ, பித்தளைத் திருகாணியோ, பாட்டரியோ இருக்கும். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தார். "சார், விருதுநகர் டீச்சர் காலைல தவறிட்டாகளாம். அவுக வீட்டு வத்தல் மண்டியை அடைச்சிட்டாக. நீங்க வண்டில ஏறுங்க" என்றார். நான் வகுப்பை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு அப்படியே ஏறினேன். காய்ச்சல் என்று படுத்தவர், எழுந்து வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாத மனுஷி அவர்.

இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் இன்னும் வாங்காமல் தப்பித்துக்கொண்டிருந்தவர்கள். அழுதுவடிந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "என்ன சார், இழவு வீட்டு மேளமா இருக்கு" என்று தாளைத் திருப்பித் தந்துவிடுவார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டீச்சர் விருதுநகரில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தியவர். அவர் கணவர் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவர், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்து ஊர்களில் ரேடியோ என்றால் பஞ்சாயத்துக் கட்டடத்தில் இருக்கும் பெரிய மரப்பெட்டிதான். அதைத் திருப்புகிறவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. பிறகு கையடக்க டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. நாங்கள் அதில் பாட்டுக் கேட்டோம். டீச்சர் மட்டும்தான் அதன் முதுகைத் திறந்து பார்த்தார். ஒரு கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சிக்காகப் பெங்களூர் போனவரை, அங்கே டிரான்சிஸ்டர் செய்யும் கம்பெனி ஒன்றைச் சுற்றிப் பார்க்க அழைத்துப் போயிருக்கிறார்கள். வெள்ளை உடுப்புப் போட்ட பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒரு துளி உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். எல்லோரும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள். திரும்பி வந்த டீச்சருக்கு அதற்குப் பிறகு வேறு பேச்சே கிடையாது.

"நம்ம பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருக்குன்னே தெரியாது. பிள்ளைகளை விடுங்க, வாத்தியாருக்கே தெரியாது. மொதல்ல உங்களைத்தான் உக்கார வைக்கணும்" என்றார். அப்படித் தொடங்கியதுதான் சனிக்கிழமை வகுப்பு. மாணவர்களுக்கு அல்ல, ஆசிரியர்களுக்கு. இடம், அண்ணாச்சி மூட்டைகளைச் சேர்த்துவைக்கும் வத்தல் கிட்டங்கி. மூட்டைகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு நடுவில் பெஞ்சு போட்டிருப்பார்கள். விஞ்ஞானத்தின் முதல் பாடம் தும்மல்தான். ஆமத்தூர் ஆசிரியர் ஒருவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டே ஒரு வருஷம் படித்தார்.

முதல் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பெங்களூர் கம்பெனியில் கழித்துப் போட்ட டிரான்சிஸ்டர்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். கழித்தவைதான் என்றாலும் பாடத்துக்கு ஆகும். ஒரு பலகையில் அதைப் பொருத்தி, வேப்பமரத்தில் ஏரியல் கட்டி, காதில் வைக்கும் சின்னக் குழலை மாட்டிவிட்டு, கடைசி ஒயரை மட்டும் பாட்டரியில் இணைக்கும்படி என்னிடம் சொன்னார். நான் இணைத்தேன். இணைத்த கையோடு முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு பின்னால் பாய்ந்தேன். நான் மட்டுமில்லை. சுற்றி நின்ற அத்தனை ஆசிரியர்களும் வத்தல் மூட்டை வரைக்கும் போய்விட்டார்கள். வாசலில் நின்ற அண்ணாச்சி தெருவிலேயே இறங்கிவிட்டார். பட்டாசு ஊரில் பிறந்தவன் எதைப் பற்ற வைத்தாலும் கால் தானாகப் பின்னால் போகும். ஒரு சத்தமும் வராததைப் பார்த்து, "புஸ்ஸுனு போச்சு போலிருக்கே" என்றார் அச்சங்குளம் ஆசிரியர். டீச்சர் மட்டும் பெஞ்சுப் பக்கத்திலேயே, குழலைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது பாடிட்டிருக்கு சார். மூட்டைக்குப் பின்னால நின்னா எப்படிக் கேக்கும்? பத்த வச்சவுக பக்கத்துலயே நிக்கணும், அம்புட்டுத்தான் இந்த வேலை."

ஒவ்வொருவராகப் போய்க் காதைக் கொடுத்தோம். மெல்லிசாக ஒரு நாகசுரம் கேட்டது.

ஈயம் வைத்துப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை நாங்கள் ஊருக்கு எடுத்துப்போக மறுத்தோம். எங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பக்கத்திலேயே பட்டாசு மருந்து அறைகள் இருக்கின்றன. சில பிள்ளைகளின் சட்டையிலேயே மருந்துத் தூசி இருக்கும். டீச்சர் ஒரு வார்த்தை விவாதிக்கவில்லை. அடுத்த வாரமே சூடு இல்லாமல், பித்தளைத் திருகாணியில் ஒயரைச் சுற்றி முடுக்கும் பலகையைத் தச்சரிடம் செய்து வைத்திருந்தார். பிறகு இந்த வட்டாரத்தில் பல பள்ளிகளுக்கும் போனது அந்தப் பலகைதான்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்று. டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஜெர்மானியம் சுத்தமாக இருந்தால் உபயோகமில்லை, அதில் அணுவளவு வேறொன்றைக் கலந்தால்தான் டிரான்சிஸ்டர் ஆகும் என்றார். சுத்தமானது எப்படி உபயோகமில்லாமல் போகும் என்று நான் மல்லுக்கு நின்றேன். "வெறும் வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேத்தா என்ன நெறம் சார் வரும்?" என்று கேட்டார். நிறம் ஒன்றும் வராது என்றேன். "பச்சை மத்தாப்புக்கு?" பேரியம் உப்பு ஒரு பிடி. "சிவப்புக்கு?" ஸ்ட்ரான்சியம். "வந்துட்டீகளா. அங்க ஒரு பிடி, இங்க ஒரு அணு. ரெண்டுலயும் கூடிப் போனா கெட்டுப் போகும், ஈரம் பட்டாலும் கெட்டுப் போகும். நம்ம வறண்ட ஊரு பட்டாசுக்கு மட்டுந்தான் பொறந்துச்சுன்னு யாரு சொன்னது?" திங்கட்கிழமை என் வகுப்பில் அதையே என் சொந்தச் சரக்குபோல நடத்தினேன். பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டுத் தின்பண்டத்தைவிட அவர்களுக்குப் பழக்கமானது மத்தாப்பு.

ஒருமுறை பள்ளி ஆய்வாளர் கிட்டங்கிக்கே வந்துவிட்டார். தும்மி முடித்ததும், "இது பாடத்திட்டத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது அம்மா?" என்று கேட்டார். டீச்சர் நிதானமாக, "மின்சாரப் பாடத்துக்கு அடுத்த பக்கம் சார். இன்னும் அச்சாகல. சிவகாசி பக்கத்துலதான இருக்கு, நீங்க சரின்னா அடிச்சுக் குடுத்துருவாக" என்றார். ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு பலகையைத் தன் ஊருக்கு வாங்கிப் போனார்.

இவ்வளவும் விளையாட்டுப்போல நடந்துகொண்டிருந்தபோது அந்தப் பெங்களூர் கம்பெனி மதுரையில் ஆள் எடுக்கப்போவதாகத் தெரிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பெண்பிள்ளைகள் வரலாம். டீச்சருக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நம் ஊர்களிலிருந்து ஒரு பிள்ளையாவது அந்தக் கம்பெனி வரிசையில் போய் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் இத்தனை சனிக்கிழமைகளும் வெறும் பொழுதுபோக்கு என்று அவர் நினைத்தார்.

என் பள்ளியில் பேச்சியம்மாள் தேறியிருந்தாள். கெட்டிக்காரி. அவள் அப்பா கந்தசாமி எங்கள் ஊரில் கொஞ்சம் கரிசல் வைத்துப் பருத்தி போடுகிறவர். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வரும்போது அதில் மகளையும் ஏற்றிவிடும் யோசனையில் இருந்தார். டீச்சர் வந்து பேசினால் நன்றாயிருக்கும் என்று நான் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டார். "நான் வந்தா அது விருதுநகர்க்காரி சொன்ன கதை. அவளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் சொன்னாத்தான் அது வேலை. அதுக்குத்தான சார் உங்களை இங்கன உக்கார வச்சேன்."

நான் பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். கந்தசாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் கேட்டது, "தீப்பிடிக்குமா?"

"பிடிக்காது."

"வெடிக்குமா?"

"அதுவும் இல்லை."

"பெறகு எதுக்குச் சம்பளம் குடுக்காக?" என்றார்.

உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். ஆபத்துக்குத்தான் கூலி என்று பழகிய ஊர். கண்ணுக்கும் கைக்கும் பொறுமைக்கும் கூலி உண்டு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். அவர் பலகையில் ஒரு திருகாணியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எல்லாஞ் சரி சார். அந்த டீச்சருக்கும் ஒரு பொம்பளப்பிள்ளை இருக்குன்னு சொன்னீக. அதுவும் இந்த வருசந்தான் படிப்பை முடிச்சிருக்கு. அது போகுதா?" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று பலகையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். டீச்சரின் மகள் செல்வி எங்கள் வகுப்பில் பலகைகளுக்கு ஒயர் முடுக்கித் தரும் பெண். அவளைப் பற்றி நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை கிட்டங்கியில் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். டீச்சர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். தராசடியில் நின்ற அண்ணாச்சிதான் முந்திக்கொண்டு, "நம்ம வீட்டுல இல்லாத சோறா? பிள்ளையைக் கம்பெனி வேலைக்கு அனுப்புனா நாலு பேரு என்ன சொல்லுவாக?" என்றார். டீச்சர் அவருக்குப் பதில் சொல்லாமல் மகளைப் பார்த்து, "உனக்குப் போகணுமா?" என்று கேட்டார்.

செல்வி தலை நிமிராமல், ஒயரை முடுக்கிக்கொண்டே சொன்னாள்: "பரீட்சை முடிஞ்சதுலருந்து சொல்லிட்டுத்தானே இருக்கேன். நீதான், அதெல்லாம் மத்த பிள்ளைகளுக்குன்னு சொன்ன."

டீச்சரின் முகம் கறுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச நேரம் கிட்டங்கியில் ஒருவரும் தும்மக்கூட இல்லை. பிறகு அவர் அண்ணாச்சியிடம் திரும்பினார். "அந்த மனுசன் கேட்டது சரிதான். ஊரார் பிள்ளைக்கு நல்ல வேலைன்னு சொல்லிட்டு எம்பிள்ளைக்கு ஆகாதுன்னா, நான் இம்புட்டு நாளும் சொன்னது பொய்யாப் போகும். இவ போவா" என்றார். அண்ணாச்சி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் மகளுக்குப் புதுச் செருப்பு வாங்கி வந்தார்.

மதுரைக்கு இரண்டு பெண்களும் ஒன்றாகப் போனார்கள். நானும் டீச்சரும் கந்தசாமியும் வெளியே மரத்தடியில் காத்திருந்தோம். இடுக்கியால் மெல்லிய கம்பியை எடுத்து வைக்கச் சொன்னார்களாம். பேச்சியம்மாளை எடுத்துக்கொண்டார்கள். செல்வியை எடுக்கவில்லை. அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அந்த வேலைக்கு ஈரக்கை ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஈரம் ஆகாது என்று எங்களுக்கு நடத்தியவரின் மகள்.

கந்தசாமி சங்கடப்பட்டுப்போனார். "டீச்சர் மக போகலைன்னா எம்மகளும் வேண்டாங்க" என்றார். டீச்சர் செல்வியைத் தோளோடு அணைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "என் மகளை அனுப்புவேனான்னுதான நீங்க கேட்டீக. அனுப்புனேன். எடுக்கிறதும் விடுறதும் அவுக பாடு. நீங்க உங்க மகளுக்குப் பெட்டி வாங்குங்க" என்றார். மதுரையிலேயே தகரப் பெட்டி வாங்கினோம். பேரம் பேசியது டீச்சர்தான், கடைக்காரர் பாவம்.

பேச்சியம்மாளுக்குப் பிறகு அச்சங்குளத்திலிருந்தும் ஆமத்தூரிலிருந்தும் பிள்ளைகள் போனார்கள். ஒவ்வொருத்தியையும் அனுப்பியது அவளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர்தான். எந்த வீட்டு வாசலிலும் டீச்சர் போய் நின்றதில்லை. செல்வி ஆசிரியப் பயிற்சி முடித்து, இப்போது வத்தல் கிட்டங்கியில் அம்மாவின் இடத்தில் நிற்கிறாள். கை வியர்த்தால் துண்டில் துடைத்துக்கொண்டு நடத்துகிறாள். அம்மாவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டுகிறாள். இறுதிச் சடங்குக்குப் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேச்சியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்களுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

டீச்சரிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று நண்பர்கள் கேட்டார்கள். பலகை என் பள்ளியில் இருக்கிறது, அது பிள்ளைகளுக்கு உரியது. எனக்கென்று வைத்துக்கொண்டது, அவர் அன்றைக்குத் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்த அந்தக் கொஞ்ச நேரம். எந்தப் பிள்ளையிடமும் இந்த வேலைக்குப் போ, அந்தப் படிப்புக்குப் போ என்று சொல்லும் முன், என் பிள்ளையை அனுப்புவேனா என்று ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அனுப்பமாட்டேன் என்று தோன்றினால் வாயைத் திறப்பதில்லை.

என் மகள் இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிறாள். பெங்களூர் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அனுப்புகிறேன்.