துரையின் எடை

அந்தத் தோட்டத்துத் துரைக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்தில் வந்தாலே மட்கார்டை உள்ளங்கையால் அழுத்திவிட்டு, அது எப்படி எழும்புகிறது என்று பார்ப்பார். வாரமெல்லாம் தோட்டத்தில் ஓட்டும் அதே காரைத்தான் சிங்கப்பூர்ப் பந்தயத்துக்கும் கொண்டுபோவார். வளைவில் சாயாதபடி ஸ்பிரிங்கை இறுக்க, பக்கத்து ஊரான பெம்பானில் மெக்கானிக்காக இருந்த என்னை அழைப்பார்.

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, ஒரு பிடி அரிசிகூடத் தோட்டத்து முள்வேலியைத் தாண்டக் கூடாது.

ஓட்டுபவரின் எடை சீட்டில் இருந்தால்தான் ஸ்பிரிங்கின் மட்டம் தெரியும். துரை என்னைத் தன் சீட்டில் உட்காரவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"நீ வெயிட்டே இல்லலா!"

ஸ்டோரிலிருந்து ரேஷன் அரிசி மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கச் சொன்னார்.

"நீயும் அரிசியும் சேந்தாத்தான் ஒரு துரை," என்று சிரித்தார்.

மாலையில் கேட்டில் காவல் நின்ற ஜாகா என் கால்சட்டை மடிப்பை உதறினான். மூட்டையிலிருந்து சிந்திய அரிசி விழுந்தது.

"ஏதுடா அரிசி?"

"துரைதாண்ணே மடியில வச்சாரு. அவரையே கேளுங்க."

அவன் நம்பவில்லை, கையைத் தூக்கச் சொன்னான். அந்த நேரம் துரை காரை ஓட்டிச் சோதித்துக்கொண்டு வந்தார். தடுப்புக் கம்பம் உடனே உயர்ந்தது.

"துரை!" என்று கத்தினேன்.

வளைவில் கார் கொஞ்சமும் சாயவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டார்.

லாக்கப்பில் கிடந்தபோதெல்லாம் யோசித்தேன்: தூக்கியிருந்த என் கைகளை வாழ்த்து என்றே நினைத்துவிட்டாரோ?