ஆறு மணிச் சீட்டு

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வாசலிலிருந்து காவலாளி போனில் கேட்டார். "மேடம், திருக்கழுக்குன்றத்துலேர்ந்து ஒரு வயசான அம்மா வந்துகிறாங்கோ. விசிட்டரா, கெஸ்ட்டா? இன்னான்னு எழுதட்டும்?"

அப்பாவுக்கு வேலையில் கொடுத்திருந்த கடலோரக் குவார்ட்டர்ஸின் துருவேறிய இரும்புக் கேட் என் நினைவில் உப்புக் காற்றோடு நாறியது. அப்போது எனக்கு எட்டு வயது. அப்பாவின் அக்கா, என் அத்தை, மாமாவிடம் சண்டை போட்டுவிட்டுத் துணிப்பையோடு வந்து நின்றாள். வருகிறவர் யார் என்று எழுதித் தரவேண்டிய கேட் சீட்டை அப்பா என்னிடம் நீட்டினார். என் இங்கிலீஷில் அவருக்கு அத்தனை பெருமை.

நாம் கூப்பிட்டு வந்தால் கெஸ்ட், தானாக வந்தால் விசிட்டர் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் விசிட்டர் என்று எழுதினேன். அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஆனால் அந்தக் கேட்டில் கெஸ்ட் என்றால் இரவு தங்கலாம். விசிட்டர் ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும். ஆறடித்ததும் கேட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்.

"இரு அக்கா, சீட்ட மாத்திக்கலாம்" என்று அப்பா பதறினார்.

"வேணாம்பா. கொயந்த சரியாத்தான் எழுதிகீது" என்று அத்தை பையை எடுத்துக்கொண்டாள். திருக்கழுக்குன்றத்துக்கு, அந்த மாமாவிடமே திரும்பிப் போனாள்.

"மேடம், லைன்ல கீறீங்களா?"

"ஒண்ணும் எழுதாதீங்கண்ணா. அவங்க எங்க வூட்டு ஆளு. பையை வாங்கி வைங்க, இதோ வரேன்."