நடுத்தட்டில் ஓர் இடம்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நாளை நினைவில் வைத்து எங்கள் வீட்டுக்கு வந்து, இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் வணக்கம்.

மூத்த மகள் என்பதால் கட்டுரையை என்னிடம் விட்டுவிட்டார்கள். இதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. அப்பா அச்சகத்திலேயே வாழ்ந்தவர். நினைவு மலர்களை நூற்றுக்கணக்கில் பார்த்தவர். “இன்முகம் மாறாதவர், ஈகைக் குணம் கொண்டவர்னு போடுறாக. பேரை மட்டும் மாத்துனா யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்” என்று சிரிப்பார். ஆகவே அப்பாவுக்கு மட்டுமே பொருந்துகிற ஒன்றை எழுதுகிறேன். அப்பாவின் ஊசிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது ஆமத்தூரில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காகிதம் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கட்டிங், பைண்டிங் என்று எல்லாவற்றையும் பார்த்து, கடைசியில் காலண்டர் ஆர்டர் பிடிக்கும் ஏஜெண்டாக ஆனார். எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலை பார்த்த குடும்பத்திலிருந்து அம்மாவைக் கைப்பிடித்தார். ஆடிப்பெருக்கன்று புது காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வெளிவந்தால் அப்பாவின் சீசன் தொடங்கிவிடும். ஆல்பத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கோவில்பட்டி, சங்கரன்கோவில், தென்காசி, மலை தாண்டிப் புனலூர், கொல்லம் என்று கடை கடையாக ஏறி இறங்குவார். வீட்டில் இருந்ததைவிட பஸ்ஸில் இருந்த நாட்கள்தான் அதிகம். அதில் அப்பாவுக்கு வருத்தம் ஏதும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஐம்பது வயதை நெருங்கும்போது முடக்கு வாதம் வந்தது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. மணிக்கட்டு வீங்கியிருக்கும். “காகிதக் கட்டு தூக்குன வினை” என்று ஆளாளுக்குத் தைலம் கொண்டுவந்து தேய்த்தார்கள். வீடே தைல வாடை அடித்ததுதான் மிச்சம். மதுரை டாக்டர் ஒருவர் முதலில் மாத்திரை கொடுத்தார். அதற்கும் அடங்காமல் போகவே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொடையில் தானே போட்டுக்கொள்ளும் ஊசிக்கு மாற்றினார். போட்ட சில மாதங்களில் அப்பா பழையபடி சட்டைப் பித்தானைத் தானே மாட்டிக்கொண்டார். அன்று அம்மா அழுதுவிட்டார்.

ஊசிக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. எப்போதும் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். ஆனால் உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் வீண்.

இனிமேலாவது அப்பா வீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்று நான் நினைத்தேன். வெயில் கொளுத்துகிற நம் பக்கத்தில் ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு எந்த மனுஷன் ஊர் ஊராகப் போவார்? “பேசாம வீட்டுல இருங்கப்பா” என்று சண்டையே போட்டேன்.

“ஊசி போடுறதே ஊருக்குப் போகத்தான் தாயி. ஊசிக்காக வீட்டுல உக்காந்தேன்னா, அப்புறம் ஊசி எதுக்கு?” என்றார் அப்பா.

பெட்டி கட்டுவது அம்மாவின் பொறுப்பு. தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் பாக்கெட், அதன்மேல் மடித்த துணி, துணிமேல் ஊசி. ஐஸ் நேராக ஊசியில் படக் கூடாது. வெளியே ஓர் அட்டைப் பெட்டி வேண்டுமே என்று வீட்டில் கிடந்த பட்டாசு கிஃப்ட் பாக்ஸில் வைத்துக் கட்டினார் அம்மா. நம் ஊரில் முறுக்கு முதல் துணிமணி வரை எல்லாம் போவது அந்தப் பெட்டியில்தானே. முதல் பயணத்திலேயே வினை வந்தது. தீபாவளி நேரம். பெட்டியின்மேல் அச்சடித்த ராக்கெட்டும் புஸ்வாணமும் பளபளவென்று சிரிக்கின்றன.

“பெரியவரே, பஸ்ஸுல வெடி ஏத்தக் கூடாதுன்னு தெரியாதா? இறங்குங்க” என்றாராம் கண்டக்டர்.

“வெடி இல்லய்யா, ஊசி.”

“நல்லா ஊசியைக் கண்டீக! ஊசி வெடியா?”

அப்பா நடுவழியில் பெட்டியைப் பிரித்துக் காட்டி, பஸ்ஸே எட்டிப் பார்த்து, தொடையில் போடுவதா வயிற்றில் போடுவதா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் திருவேங்கடம் வந்துவிட்டதாம். ஊர் திரும்பியதும் அம்மா ஒரு மஞ்சள் துணியில் உறை தைத்து, “மருந்து” என்று சிவப்பு நூலில் எழுதிவிட்டார். அந்த மஞ்சள் உறையோடுதான் உங்களில் பலர் அப்பாவைப் பார்த்திருப்பீர்கள்.

பஸ்ஸில் போகிறவருக்கு ஐஸ் எத்தனை மணி நேரம் தாங்கும்? அதனால் அப்பா போகிற ஊரிலெல்லாம் ஒரு குளிர்பதனப் பெட்டியைத் தேடி வைத்துக்கொண்டார். கோவில்பட்டியில் ஒரு பேக்கரி, தென்காசியில் பஸ் நிலையத்துப் பழச்சாறு கடை, புனலூரில் ஒரு மருந்துக்கடை. கடைக்குள் நுழைந்ததும், “மொதல்ல உங்க ஃப்ரிட்ஜைக் காட்டுங்க, பெறவு ஆர்டர் பேசுவோம்” என்பார். பாலுக்கும் வெண்ணெய்க்கும் பக்கத்தில் மஞ்சள் பெட்டி உட்கார்ந்துவிடும். “மத்தவுக ஊருக்கு ஊரு சொந்தம் சேப்பாக. இவுக ஃப்ரிட்ஜ் சேத்துருக்காக” என்று அம்மா கேலி செய்வார். எங்கு வைக்கக் கொடுத்தாலும் அப்பா தவறாமல் சொல்வது ஒன்றுதான்: “நடுத்தட்டுல வைங்க, மேல வேண்டாம்.”

இதில் ஒரு கொடுமை உண்டு. அப்பாவின் கைகளுக்குக் குளிர் ஆகாது. மார்கழியில் பச்சைத் தண்ணீர் பட்டாலே விரல் சுருண்டுகொள்ளும். அந்தக் கைகளால்தான் ஐஸ் பெட்டியைச் சுமந்தார். பெட்டியைத் தொடுமுன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொள்வார். அது வியர்வை துடைக்கும் துண்டு என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

இனி, விருதுநகரில் என் புகுந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதை எழுதச் சொன்னவரே என் மாமியார்தான். அவரை நான் அத்தை என்று அழைப்பேன்.

எனக்கு அது தலைப்பொங்கல். அம்மா திருத்தங்கலிலிருந்து பானை, கரும்பு, மஞ்சள் குலையோடு ஆட்டோவில் சீர் கொண்டுவந்தார். அப்பா மதுரையில் ஒரு மாதத்துக்கான இரண்டு ஊசிகளையும் வாங்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று இரவு ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

“அண்ணாச்சி, மருந்தை இங்கன குடுங்க. நான் வைக்கிறேன்” என்று அத்தை கை நீட்டினார்.

“நடுத்தட்டு போதும் தங்கச்சி. மேல வேண்டாம்.”

நம் பக்கத்தில் விருந்தாளி “போதும்” என்றால், இன்னொரு கரண்டி வைக்க வேண்டும் என்று அர்த்தம். அத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சம்பந்தியின் மருந்தை மாவுச் சட்டிக்கும் தயிருக்கும் நடுவிலா வைப்பது? மேலே ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, ஊசிகள் இரண்டையும் அங்கே வைத்தார். நல்ல குளிர்ச்சியான இடம் அதுதானே.

விருந்து முடிந்து, பேச்சு முடிந்து, சாயங்காலம் எடுத்துவரப் போனவள் நான். ஊசிக்குள் மருந்து கல்லாகக் கிடந்தது. திரும்பினால் அப்பா கூடத்திலிருந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகமே சொல்லியிருக்கும். கண்ணாலேயே “வேண்டாம்” என்றார்.

“சரியா இருந்துச்சா அண்ணாச்சி?” என்றார் அத்தை.

“இதைவிட யாரு வைப்பா தங்கச்சி” என்று அப்பா கைகூப்பினார்.

ஆட்டோ வரை கூடவே போனேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “ரெண்டும் வீணாப் போச்சேப்பா! மறுபடி வரவழைக்கப் பொங்கல் கழியணுமே! ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“ஊசி போனா இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வாங்கிக்கலாம். அந்தத் தங்கச்சி முகம் சுண்டிப்போச்சுன்னா எந்தக் கடையில வாங்குவே? நாளைக்கும் நீ அந்த வீட்டுல இருக்கணும்ல தாயி.”

அவர் சொன்னபடி ஊசி கிடைக்கத்தான் செய்தது, ஆனால் தை பாதி கழிந்த பிறகு. அதுவரை அப்பா பட்ட பாட்டை அம்மாதான் கூட இருந்து பார்த்தார். பித்தானை அம்மா மாட்டிவிட்டார். சோறு பிசைந்து கொடுத்தார். வாழ்நாள் முழுக்கக் காலண்டர் விற்ற மனிதரால், கூடத்தில் தொங்கிய காலண்டரில் ஒரு தேதித்தாளைக் கிழிக்க முடியவில்லை. அத்தை நலம் விசாரித்துப் போன் செய்தபோது, “லேசாக் காய்ச்சல் மதினி” என்று சொல்லி வைத்தார் அம்மா. நான் அத்தையின் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிக நீண்ட காலம் அதுதான். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

சில வருஷங்களில் அத்தைக்குச் சர்க்கரை நோய் வந்து இன்சுலின் எழுதிக்கொடுத்தார்கள். “ஃப்ரிட்ஜ்ல வைங்கம்மா. ஆனா மேல ஃப்ரீசர்ல வச்சுறாதீக, வீணாப் போயிரும்” என்றார் நர்ஸ். வீடு வந்ததும் அத்தை ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு திருத்தங்கல் பஸ் ஏறினார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்:

“அண்ணாச்சி, என் தலையில அடிச்சு உண்மையைச் சொல்லுங்க. அன்னைக்குப் பொங்கலுக்கு நான் மேல வச்ச ஊசி என்னாச்சு?”

“அது வெறும் டப்பா தங்கச்சி. ஊசி எம் பைக்குள்ள இருந்துச்சு” என்றார் அப்பா, ஆல்பத்தைப் புரட்டியபடி.

அத்தை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“உங்களுக்குப் பொய் சொல்ல வரலை அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். அம்மாதான் தேற்றி, கருப்பட்டிக் காபி கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வேறு எதையும் வைக்க அத்தை விட்டதில்லை. மதுரையிலிருந்து வரும் அப்பா விருதுநகரில் இறங்காமல் போனால் போனில் திட்டு விழும். இருவருடைய ஊசிகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

சென்ற ஆண்டு சீசன் வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு காலையில் தேதித்தாளைக் கிழித்துக் கையில் வைத்தபடியே அப்பா சாய்ந்தார். மாரடைப்பு என்றார்கள். தம்பி துபாயிலிருந்து வர வேண்டியிருந்ததால் குளிர்பெட்டிக்குச் சொல்லியிருந்தோம். அப்பாவை அதற்குள் வைத்து மூடப் போகும்போதுதான் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“இருங்கப்பா. அவுக கைக்குக் குளிர் ஆகாது. இம்புட்டுப் பேரு இருக்கீக, ஒருத்தருக்குக்கூட ஞாபகம் இல்லையா?”

ஆணியில் தொங்கிய அந்தத் துண்டை எடுத்து, அப்பாவின் இரண்டு கைகளையும் சேர்த்துச் சுற்றினார். பிறகு அத்தனை பேர் முன்னாலும், நாங்கள் யாரிடமும் சொல்லாத பொங்கல் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். “மேல வேண்டாம்னு அன்னைக்கே சொன்னாக. நாந்தான் கேக்கலை. இதை நீ எழுதணும், அவுக எப்பேர்ப்பட்ட மனுசர்னு நாலு பேருக்குத் தெரியணும்” என்றார் என்னிடம். எழுதிவிட்டேன் அத்தை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அப்பாவுக்கு நடமாட்டத்தைத் திருப்பித் தந்த மதுரை டாக்டருக்கு நன்றி. அப்பாவை ஊர் ஊராக இறக்கிவிட்ட கண்டக்டர்களுக்கு, ஊசி வெடியா என்று கேட்டவருக்கும் சேர்த்து, நன்றி. கோவில்பட்டி பேக்கரிக்காரரும் தென்காசிப் பழச்சாறு கடைக்காரரும் புனலூர் மருந்துக்கடைக்காரரும் துக்கத்துக்கு வந்து, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். யார் என்று விசாரித்தபோது மூவரும் சொன்னது ஒன்றுதான்: “எங்க கடை ஃப்ரிட்ஜுலதான் அய்யா மருந்து வைப்பாக.” உங்கள் பாலையும் பழத்தையும் தள்ளி வைத்து எங்கள் அப்பாவை நடக்க வைத்தீர்கள். உங்களை நாங்கள் மறக்க மாட்டோம்.

கடைசியாக அத்தை. அன்று அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சர்க்கரை உடம்பு, மயங்கிவிடுவாரோ என்று நாங்கள் பயந்து எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தம்பி வந்து சேர்ந்தான். அத்தை துண்டு சுற்றியதை அவனிடம் போனிலேயே சொல்லியிருந்தோம். பெட்டியைத் திறந்தார்கள். துண்டுக்குள் கையை விட்டு அப்பாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். எல்லாரும் அழுதுகொண்டிருக்க, அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அதைக் கண்டுகொண்டான்.

“கை சில்லுன்னு இல்ல அத்தே” என்றான். “இளஞ்சூடாத்தான் இருக்கு.”

அத்தை என் பக்கம் திரும்பினார். நானும் துண்டுக்குள் கையை விட்டு அப்பாவின் கையைத் தொட்டேன்.

“ஆமா அத்தை” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அத்தை, அம்மா நீட்டிய காபியை வாங்கிக் குடித்தார்.