திலகம் டீச்சர் கொடுத்த அளவு ஜாக்கெட்

1. டேப்பை வைக்காதே

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானல் பஜாரில் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே மாஸ்டர் ஒரு புது டேப்பை நீட்டி, "கழுத்துல கெடக்கட்டும். ஆனா எந்தப் பொம்பள மேலயும் வச்சிராத" என்றார்.

டேப்பை ஆள் மேல் வைக்காமல் அம்மிக்கல் மேலா வைப்பது? டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். எனக்குப் பத்தொன்பது வயது. சிலோன் எஸ்டேட்டிலிருந்து கப்பலேறி வந்து பக்கத்து வில்பட்டியில் ஒண்டியிருந்த குடும்பம். வாயைத் திறக்கிற நிலைமையில் நாங்கள் இல்லை.

அப்போதெல்லாம் பெண்கள் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, தங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். மாஸ்டர் அதை மேஜையில் விரித்து, அதைப் பார்த்துப் புதுத்துணியை வெட்டுவார். வாடிக்கைக்காரரை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். "இருவது வருசத்துல ஒரு பொம்பள மூஞ்சியும் எனக்குத் தெரியாது. ஆனா ஊர்ல அம்புட்டுப் பேரு அளவும் தெரியும்" என்பது அவருடைய பெருமை.

ஹூக் கட்டுவது, ஹெம்மிங் செய்வது, பிறகு மெஷினில் உட்காருவது என் வேலை. "மூணு மாசம் பாப்பேன், லெச்சுமி. ஒரு ஜாக்கெட் ஒன்னால கெட்டுச்சுன்னா நீ பூண்டு புடுங்கப் போயிர வேண்டியதுதான்" என்றார். பூண்டி ஊர்க் காட்டில் மழையோடு மழையாகப் பூண்டு பிடுங்கி விரல் விறைத்துப்போய் வந்தவள் நான். செத்தாலும் அங்கே திரும்பிப் போகக்கூடாது என்று இருந்தேன்.

2. ஒருவருக்கு இளைக்க வேண்டும், ஒருவருக்குப் பருக்க வேண்டும்

திலகம் டீச்சர் கணக்கு டீச்சர். நல்ல வாட்டசாட்டம். அவர் நடந்து வந்தால் பஜார் நாய்கள் எழுந்து வழிவிடும். அவருக்கு நிச்சயதார்த்தம் முடிவாகியிருந்தது. அரக்குப் பட்டுக்கு அரக்கு ஜாக்கெட் தைக்க அவர் கொண்டுவந்த அளவு ஜாக்கெட்டைப் பிரித்தால், எனக்கே இறுக்கிப் பிடிக்கும் போலிருந்தது.

"டீச்சர், இது ஒங்களுதா?"

என்னைக் கடைக்கு வெளியே இழுத்துப் போனார். "என் தங்கச்சியோடது. இன்னும் ரெண்டு வாரம் கெடக்கு. ராத்திரிச் சோத்த விட்டுட்டேன். அதுக்குள்ள இந்த அளவுக்கு வந்துருவேன். மாஸ்டர்ட்ட மூச்சு விட்ட, தொலைச்சுப்புடுவேன். குறிஞ்சி ஆண்டவர் மேல சத்தியம் பண்ணு."

பண்ணித் தொலைத்தேன்.

அதே வாரம் டீச்சர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா வந்தார். எஸ்டேட் வழக்கத்தில் எனக்கு அவர் துரைசாணி. யூகலிப்டஸ் மரம் போல நெடுநெடுவென்று இருப்பார். பாதிரியாரிடம் தமிழ் படித்தவர். பிரசங்கம் போலத்தான் பேசுவார்.

"திலகம் ஆசிரியையின் நிச்சயதார்த்தத்துக்கு நான் பச்சைச் சேலை உடுத்த விரும்புகிறேன். பச்சை இரவிக்கை தைத்துத் தாருங்கள்" என்று பையை நீட்டினார். உள்ளே இருந்த ஜாக்கெட்டில் மூன்றாவது ஹூக் சிவப்பு நூலில் கட்டியிருந்தது. பச்சை நூல் தீர்ந்துபோய், போன மாதம் நானே கட்டியது. அது திலகம் டீச்சருடையது!

"ஆம், அவரிடம் கடன் வாங்கினேன்" என்றார் துரைசாணி. "அவர் மேல் சேலை ராணியைப் போல் அமர்கிறது. எனக்கோ இடுப்பே இல்லை. சேலை என்னை விட்டு ஓடிப்போகிறது. ஆகையால் அவருடைய அளவே எனக்கும் வேண்டும்."

அவர் போனதும் சொல்லிப் பார்த்தேன். "மாஸ்டர், இவுக ஒல்லியா இருக்காக. இந்த ஜாக்கெட்டுக்குள்ள மூணு பேரு போகலாம்."

"அளவு ஜாக்கெட் சொல்றதச் செய்யி. ஆளப் பாக்குறது நம்ம சோலியில்ல."

எனக்கு எரிச்சலான எரிச்சல். வெள்ளைக்காரி போலக் கொடியாக வேண்டும் என்று டீச்சர் பட்டினி கிடக்கிறார். அந்த வெள்ளைக்காரியோ டீச்சரைப் போலத் திரண்டால்தான் சேலைக்கு மரியாதை என்கிறார். எங்கள் எஸ்டேட்டில் துரைசாணி உடம்போடு யாராவது வந்தால் காய்ச்சலா என்று கேட்டுக் கஞ்சி கொடுப்பார்கள். இரண்டு ஜாக்கெட்டையும் நானே தைத்தேன். ஒவ்வொரு தையலிலும் பூண்டு வாசனை அடித்தது.

3. ஒரு சாண்

நிச்சயத்தன்று வெள்ளனே, ஊசி நூலோடு என்னை டீச்சர் வீட்டுக்கு அனுப்பினார் மாஸ்டர். அரக்கு ஜாக்கெட்டின் கை, டீச்சரின் முழங்கைக்கு மேல் ஏற மறுத்தது.

"ராத்திரிச் சோறு விட்டேன்னீங்களே?"

"விட்டேன்தான். சப்பாத்திதான் தின்னேன்."

"எத்தன?"

"ஏழு."

உள்ளே விட்டிருந்த துணியையெல்லாம் பிரித்துவிட்டேன். இன்னும் ஒரு சாண் பாக்கி. வேறு ஜாக்கெட் எல்லாம் துவைத்து, மூன்று நாள் மூடுபனியில் காயாமல் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. வாசலில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்ற சத்தம். டீச்சர் கட்டிலில் உட்கார்ந்து, "ஊரே சிரிக்கப் போகுது, லெச்சுமி" என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்கு.

அப்போது துரைசாணி உள்ளே வந்து ஸ்வெட்டரைக் கழற்றினார். பச்சை ஜாக்கெட் உரச் சாக்கு மாதிரித் தொங்கியது. அங்கங்கே ஊக்கு. "நான் தோற்றுவிட்டேன்" என்றார்.

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். "ரெண்டு பேரும் வெரசாக் கழட்டுங்க!"

பச்சை ஜாக்கெட் டீச்சருக்கு அளவெடுத்தது போல் பொருந்தியது. பொருந்தாமல்? அவருடைய அளவுதானே! பிரித்த தையலை ஓட்டியதும் அரக்கு ஜாக்கெட் துரைசாணிக்குச் சரியாகிவிட்டது. நிறம்தான் போச்சு. ஜாக்கெட்டுக்கு மேட்சிங் தேடி மதுரை வரை பஸ் ஏறிப்போன காலம் அது. அரக்குப் பட்டுக்குப் பச்சை ஜாக்கெட் என்றால் இரவல் வாங்கிக் கட்டியது என்றுதான் அர்த்தம்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டேவிட்டார். "ஏன்த்தா, நெறம் மாறிக் கெடக்கு?"

டீச்சர் தலை குனிந்தார். விருந்துக்கு வந்திருந்த மாஸ்டர் எனக்கு நேர் எதிரில் நின்றார். உண்மையைச் சொன்னால் என் வேலை தப்பிக்கும். டீச்சர் மானம் சபையில் போகும்.

"எந் தப்புத்தாங்க. ரெண்டு துணியயும் மாத்தித் தச்சிட்டேன்" என்றேன்.

"நல்லாத்தேன் இருக்கு, எடுப்பா" என்று அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "நாளைக்குக் கடைக்கு வந்து ஒன் குடைய எடுத்துட்டுப் போயிரு" என்றார்.

4. நாற்பத்திரண்டு

மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு திரும்பினால், வாசலை அடைத்துக்கொண்டு திலகம் டீச்சர்.

"மாஸ்டர், அந்தப் புள்ள மேல தப்பில்ல. நான் குடுத்தது என் தங்கச்சி ஜாக்கெட்டு. மாத்தித் தச்சேன்னு அவ சொன்னதும் பொய்யி, எனக்காக." பிறகு என்னைப் பார்த்துக் கையை விரித்து நின்றார். "எடு டேப்பை."

மாஸ்டர் பதறிப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலையே போனபின் எனக்கென்ன பயம்? முதல் தடவையாக டேப்பை ஓர் ஆள் மேல் வைத்தேன். எண்ணை டீச்சர் காதோரம் சொன்னேன்.

"என்ன குசுகுசுங்கிற? அவரு எழுத வேணாமா?" என்றவர், வாய்ப்பாடு சொல்லும் குரலில் தானே கத்தினார். "நாப்பத்தி ரெண்டு! எழுதிக்கங்க மாஸ்டர், நாப்பத்தி ரெண்டு!"

எதிர்க் காய்கறிக் கடையில் கேரட் எடை போட்டவர் கையை நிறுத்தினார். மாஸ்டர் சுவரில் தொங்கிய காலண்டரிலேயே எழுதினார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"குடைய வச்சுட்டு இடுப்பளவச் சொல்லச் சொல்லுங்க அந்தப் புள்ளய. எத்தன நேரம் இப்பிடியே நிக்கிறது?"

அந்த மாதமே மூன்று பேர் வந்து, திலகம் டீச்சர் போட்டது போல் நிறம் மாறின ஜாக்கெட் வேண்டும் என்று கேட்டார்கள்.

புதிதாகத் தைக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். அளவு ஜாக்கெட் கொடுத்தால் வாங்கி வையுங்கள். அது பெரும்பாலும் அவர்கள் ஆசைப்படும் உடம்பு. டேப்பை வந்திருக்கிற உடம்பின் மேல் வையுங்கள். எண்ணை மெதுவாகச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றால் அவர்களே சொல்லட்டும்.