கோட்டைக்குள் ஒரு செருப்புப் பை

ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் எங்களை ஹிமேஜி கோட்டைக்குக் கூட்டிப் போனாள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தை விட்டு வெளியூரில் தங்கியே பழகாத நானும் மனைவியும், வெள்ளை வெளேரென்று நின்ற அந்தக் கோட்டை முன்னால் சலிக்காமல் படம் எடுத்துக்கொண்டோம்.

உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையிலேயே கொண்டு போக வேண்டும். மனைவி மறுத்துவிட்டாள்.

“சாமி இருக்குற இடத்துக்குச் செருப்பத் தூக்கிட்டா போவாக?”

“இது கோயில் இல்ல, ராசா கோட்டை. பேசாம வா,” என்றேன்.

“இம்புட்டு ஒசரமாக் கட்டுனவுக உச்சியில ஒரு சாமிய வைக்காமயா விட்டிருப்பாக?”

பின்னால் வரிசை நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. வாசலில் இருந்த ஊழியப் பெண்ணுக்கு எங்கள் பேச்சு புரியாது. ஆனால் மனைவி மேலே பார்த்துக் கும்பிட்டதைக் கண்டவர், தலை குனிந்து அவள் செருப்பை வாங்கித் தன் நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

செங்குத்தான மரப்படிகளில் அவளைக் கேலி செய்துகொண்டே ஏறினேன். கடைசித் தளத்தில் கால் வைத்தால், எதிரே ஒரு சின்னக் கோயில். ஆட்கள் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் கையில் இருந்த என் செருப்புப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அந்த நேரம் பார்த்து மகள் எங்களைப் படம் எடுத்துவிட்டாள்.

அந்தப் படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. “சாமி முன்னால கும்பிடாம கையப் பின்னால வச்சிருக்கீகளே?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

“படி ஏறுனதுல அவுகளுக்குக் கை வலி,” என்பாள் மனைவி.

இதுவரை யாரிடமும் அவள் உண்மையைச் சொன்னதில்லை. அதனால்தான் நானே சொல்லிவிட்டேன்.