கையால் திரும்ப முடியாத தூரம்

வளைகுடாவில் வேலை பார்த்தபோது, அடியில் இறக்கை பொருத்திய பலகையில் தண்ணீருக்கு மேலே எழும்பி அலைச்சறுக்குப் பழகினேன். தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கையால் தண்ணீரைத் துழாவிப் பலகையை நகர்த்த முடியவில்லை. பலகையில் சின்ன மின்மோட்டார் மாட்டியதும் கடல் திரும்பக் கிடைத்தது.

ஊர் திரும்பிய பிறகு, சென்ற மாதம் தேங்காய்ப்பட்டணத்துக் கடலில் அலைகளைத் தாண்டியதும் மோட்டார் நின்றுவிட்டது. காற்று என்னைக் கடலுக்குள் தள்ளியது. கொஞ்சம் துழாவியதுமே தோள் மரத்துப் போனது. பலகையைக் கட்டிப்பிடித்துக் கிடந்தேன்.

வள்ளத்தில் வந்த மீனவர் ஒருவர் என்னைத் தூக்கி உள்ளே போட்டார்.

"மோட்டாரு நிண்ணா கையால துழஞ்சு வரப்படாதா மக்கா?"

"எனக்க தோளு ஒத்துக்காது அண்ணே."

இந்த மோட்டார் வைத்திருப்பவர்கள், முதலில் அதை அணைத்துவிட்டுக் கையால் கரைசேர முடிகிறதா என்று பாருங்கள். நானும் பிறகு இடுப்பளவுத் தண்ணீரில் அப்படிச் செய்து பார்த்தேன். முடியவில்லை. இப்போது கடலுக்குப் போவதில்லை.